நான் போட்ட ரிங்கும் பிரின்சி போட்ட பந்தும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்கி, பரசுராமன் பட்டறை எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நைனா பட்டறை என்று கேட்டால் டீக்கடைக்காரர் முதல் கண்டெய்னர் டிரைவர் வரை கை நீட்டுவார்கள். நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை. வாயைத் திறந்தால் நைனா என்றுதான் வரும். எல்லோரையும் நைனா, நைனா என்று கூப்பிட்டு, கடைசியில் அந்தப் பெயர் எனக்கே வந்து ஒட்டிக்கொண்டது.

படிப்பு ஐந்தாவது. அதுவும் முழுசாக இல்லை. இருபது வயதில் வெல்டிங் ஹெல்பராக இங்கே வந்தேன். இன்று சொந்தப் பட்டறை, சொந்த ரோலிங் மெஷின், என்னிடம் பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனி கேட்டைப் பார்த்தாலும், எந்த டேங்கின் ஏணியைப் பார்த்தாலும் அதில் என் கை இருக்கும். படித்த இஞ்சினியர்கள் படம் வரைந்துகொண்டு வருவார்கள். நான் ஒரு கண் பார்த்துவிட்டு, "சார், இது நிக்காது" என்பேன். நிற்காது. நாற்பது வருடத்தில் என் அளவு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். ஒரு தடவை தப்பியது. அந்தக் கதைதான் இது. ஆனால் கதை என்னைப் பற்றியது அல்ல. பிரின்சியைப் பற்றியது.

பிரின்சி, என் பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கும் சாம்சனின் மகள். சாம்சன் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவன் மனைவி ஞானம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இவர்கள் அப்பா, தாத்தா எல்லாம் அடுத்தவர் வயலில் நெல் அறுத்தவர்கள். இந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் பிரின்சி. மிதித்தாள் என்பதைவிட உதைத்தாள் என்பதுதான் பொருத்தம்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது அரசுப் பள்ளி பி.டி. மாஸ்டர் வெங்கடேசன் என்னிடம் வந்தார்.

"நைனா, கிரவுண்டுல பாஸ்கெட்பால் கம்பம் ரெண்டு போட்டுக் குடேன். பசங்க ஆடட்டும்."

"மாஸ்டர், எத்தினி அடி, எத்தினி இஞ்ச், அத்த மட்டும் எழுதிக் குடு. மீதி எங்கிட்ட வுட்டுடு" என்றேன்.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். உயரம் பத்தடி. ரிங் பதினெட்டு இஞ்ச். அவ்வளவுதான். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் கஞ்சன் இல்லை. இதற்குக் கம்பி போதும், ஆனால் பசங்கள் பிடித்துத் தொங்குவார்களே என்று ஒன்றேகால் இஞ்ச் குழாயையே எடுத்துச் சுருட்டினேன். யானை தொங்கினாலும் வளையாது. இரண்டு கம்பமும் நட்டேன். முதலில் ஒரு கம்பத்தில் ரிங் மாட்டினேன், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அதற்குள் வெங்கடேசன் மாஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டாவது ரிங் அப்படியே நின்றுபோனது. ஆனால் முதல் கம்பத்தில் மறக்காமல் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்தேன்: உபயம் பரசுராமன், அளவு தவறாதவர்.

பசங்கள் ஒரு வாரம் ஆடினார்கள். பந்து உள்ளே போகவில்லை. ரிங்கில் பட்டுப் பட்டுத் தெறித்தது. "பேஜாரான ஆட்டம்பா இது" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டார்கள். பிரின்சி மட்டும் விடவில்லை. ஸ்கூல் விட்டதும் வருவாள். நூறு தடவை போடுவாள். ஐந்து உள்ளே போகும். அடுத்த மாதம் பத்து போனது. பந்தை நேராக வீசினால் உள்ளே போகாது, நல்ல உயரத்துக்குத் தூக்கி மேலிருந்து செங்குத்தாக இறக்கினால்தான் போகும் என்று அவளே கண்டுபிடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டாவது படிக்கும்போது நூற்றுக்கு எழுபது போட்டாள். பட்டறையில் கிரைண்டர் சத்தம் நின்றால் அந்தப் பக்கம் வலையில் பந்து விழும் சர்ரென்ற சத்தம் கேட்கும். நாங்கள் டீ குடித்துக்கொண்டே எண்ணுவோம்.

கை அப்படி. வாய் வேறு மாதிரி. கோபம் வந்தால் எதிரில் இருப்பது ஹெட்மாஸ்டரா, போலீஸா என்று பார்க்கமாட்டாள். திருவள்ளூரில் ஜில்லா மேட்ச். இவள் ஒருத்தியே இருபத்தேழு பாயிண்ட் போட்டுவிட்டாள். அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டாமல் ஓர் அடி அதிகமாக எடுத்து வைத்தால் தப்பு. அதற்கு டிராவல் என்று பெயர். ரெஃப்ரி விசில் ஊதினார்.

"டிராவலா?" என்று கேட்டிருக்கிறாள்.

"டிராவல்தான்."

"சரி, டிராவல் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பஸ் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கே இரண்டு டீமும் பந்து இல்லாமல் நிற்கிறது. ஞானம்மா என் பட்டறைக்கு ஓடி வந்தாள்.

"ண்ணா, இந்தப் பொண்ணு பந்தோட வந்து நிக்கிறா ண்ணா! யாரு பந்துன்னே தெர்ல!"

நான்தான் பைக்கில் திருவள்ளூர் போய்ப் பந்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் திட்டியதையும் இவளுக்காக நான்தான் வாங்கிக்கொண்டேன்.

எப்படியோ சென்னையில் ஒரு காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு கிடைத்தது. முதல் வாரமே போன்.

"நைனா, நீ போட்ட ரிங்கு இன்னா அளவு?"

"பதினெட்டு இஞ்ச். ஏன்டி?"

"கரெக்டாத் தெரியுமா?"

"யார்கிட்ட இன்னா கேக்கற? அணு தப்பாது. எவன் வந்தாலும் அளந்து பாக்கச் சொல்லு."

"அப்ப இங்க இருக்கறது ரிங்கே இல்ல நைனா, கெணறு. அன்னிக்கு திருவள்ளூர்லயும் இப்டித்தான் இருந்துச்சு, அங்க மட்டுந்தான் தப்புன்னு வுட்டுட்டேன். கண்ண மூடிக்கினு போட்டாலும் போவுது. ஏதோ ஏமாத்து வேல நடக்குது."

"அப்ப அங்க எவனோ தப்பா போட்டிருக்கான். வுடாத, கேளு" என்றேன். நான்தான் சொன்னேன்.

அவள் கேட்டாள். கோச்சிடம் கேட்டாள், கேப்டனிடம் கேட்டாள். ஆட்டத்திலோ முப்பது, நாற்பது என்று பாயிண்ட் குவித்தாள். ஆட்டம் முடிந்ததும் இந்த ரிங்கு செல்லாது என்று சண்டை. ஜெயித்த டீமின் ஆளே அளவு தப்பு என்று சண்டை போட்டால் யாருக்குப் பிடிக்கும்? மூன்று தடவை பிராக்டீஸை விட்டு வெளியே நடந்துவிட்டாள். ஒரு தடவை ஷூவைக் கழற்றி ஸ்கோர் போர்டில் வீசினாள். ஜனவரியில் ஒரு பெரிய டோர்னமெண்ட். அங்கே எதிர் டீம் கேப்டன் அருணா என்கிற பெண்ணின் தலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை அப்படியே கவிழ்த்துவிட்டாள். கமிட்டி ஒரு வருடம் ஆடக்கூடாது என்று தடை போட்டது. காலேஜ், போதும்மா என்று கைகூப்பி அனுப்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். ஏன் ஊற்றினாய் என்று சாம்சன் கேட்டான், ஞானம்மா கேட்டாள், நான் கேட்டேன்.

"கோவம் வந்துச்சு. ஊத்தினேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கிரவுண்டு பக்கமே போகவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தாள். புஷ் என்று சொல்லும் சின்ன இரும்பு வளையத்தின் உள் அளவைச் சரிபார்க்கும் வேலை. அங்கேயும் பாதியைச் செல்லாது, செல்லாது என்று தள்ளி வைத்திருக்கிறாள். சூப்பர்வைசர் அழாத குறை. கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போதுகூட யாரிடமும் பேசுவதில்லையாம்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் விசிலும் தோளில் பந்துப் பையுமாக ஒரு அம்மா என் பட்டறைக்கு வந்து நின்றார்.

"இங்க பிரின்சி ஊடு எது சார்? என் பேரு தமிழ்செல்வி. திருநின்றவூர். அந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல கோச்சா கீறேன்."

ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பிரின்சியையும் கூப்பிட்டேன்.

"ஜனவரி டோர்னமெண்ட்டுல இந்தப் பொண்ணு ஆடினத பாத்தேன் சார்" என்றார் தமிழ்செல்வி. "பந்து மாடி ஏறி எறங்குது. அப்டி ஒரு ஷாட்ட நான் பாத்ததே இல்ல. இவள எங்க காலேஜுக்கு எடுத்துக்கலாம்னு கீறேன். அதுக்கு முன்னாடி, எங்க கத்துக்கினான்னு பாக்கணும்."

நான் சும்மா இருப்பேனா? "வாங்கம்மா, காட்டறேன். நான் போட்ட ரிங்குதான்!" என்று முன்னால் நடந்தேன்.

"வோணாம் மேடம், அங்க ஒண்ணும் இல்ல. வெயில் அடிக்குது. நைனா, நீ சும்மா இரேன்!" என்று பிரின்சி குறுக்கே குறுக்கே வந்தாள். எனக்குப் புரியவில்லை. வெயிலுக்குப் பயப்படுகிற ஆளா அவள்?

தமிழ்செல்வி பந்தை எடுத்துப் போட்டார். ரிங்கில் பட்டுத் தெறித்தது. இன்னொன்று. தெறித்தது. ஆறு தடவை போட்டார். ஆறும் வெளியே.

"ஒங்களுக்கு எங்க ஊர் காத்து பழக்கம் இல்லம்மா" என்றேன்.

அவர் ரிங்குக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சார், டேப் கீதா?"

டேப் இல்லாமல் என்னை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஏணி போட்டு நானே ஏறி, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை நீட்டிக் காட்டினேன். "பாருங்க. பதினெட்டு. அணு தப்பல."

"வெளில வெச்சுப் பாக்கறீங்க சார். உள்ள வெச்சுப் பாருங்க."

"உள்ள எதுக்கும்மா? ஓ.டி. பதினெட்டு, அவ்ளோதான்."

"பந்து ஓ.டி. வழியாவா சார் போவும்?"

இதை விளக்கிவிடுகிறேன். எங்கள் தொழிலில் வளையத்துக்கு இரண்டு அளவு. வெளி விட்டம் ஓ.டி., உள் விட்டம் ஐ.டி. நாங்கள் அன்றாடம் போடுவது டேங்குக்குள் செருகுகிற வளையங்கள். உள்ளே செருகுவதற்கு வெளி அளவுதானே கணக்கு? பதினெட்டு வளையம் என்று யார் சொன்னாலும் என் கை தானாக வெளி அளவுக்குத்தான் போகும். வெங்கடேசன் மாஸ்டர் சீட்டில் உள்ளா, வெளியா என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. போதாததற்குத் தடித்த குழாய் வேறு; ஒன்றேகால் என்பது பெயருக்குத்தான், அதன் வெளி அளவு ஒன்றரைக்கும் மேல். டேப்பை உள்ளே வைத்துப் பார்த்தேன். பதினாலே முக்காலுக்கும் கொஞ்சம் கம்மி. இரண்டு பக்கமும் சேர்த்து மூன்றே கால் இஞ்சுக்கும் மேல் குழாயே தின்றுவிட்டது.

ஏணியிலேயே நின்றேன். இறங்கத் தோன்றவில்லை. எனக்கு நேராக வெள்ளைப் பெயிண்டில் என் பெயர்.

"எறங்கு நைனா. வுழுந்துடப் போற" என்று பிரின்சி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும்."

"எப்போ?"

அப்போதுதான் சொன்னாள். டோர்னமெண்ட் அன்று ரிங்கை அளந்தால்தான் ஆடுவேன் என்று நின்றிருக்கிறாள். அளந்தார்கள். உள் அளவு சரியாக இருந்தது. மைதானமே சிரித்திருக்கிறது.

"அந்த அருணா, 'உங்க ஊர்ல இஞ்ச் டேப்புகூட டூப்ளிகேட்டா?'ன்னா. எல்லாரும் என்ன இஞ்ச் டேப்பு, இஞ்ச் டேப்புன்னு கூப்ட்டாங்க. அதுகூடப் பரவால்ல. 'எந்த லூசுடி ஒனக்கு ரிங்கு போட்டுக் குடுத்தான்?'னா. கேனு பக்கத்துல இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? கம்பத்துல எழுதி வச்சிக்கிறியே, அளவு தவறாதவர்னு. அத்த எங்க கொண்டுபோய் வெப்ப?"

இந்தப் பெண்ணுக்கு வாயில் பூட்டு இல்லை என்று ஊரே சொல்லும். ஆறு மாதம் பூட்டி வைத்திருக்கிறாள், எனக்காக.

தமிழ்செல்விதான் மீதியைச் சொன்னார். தண்ணீர் ஊற்றியதற்குக் காரணம் கேட்டுக் கமிட்டி மூன்று கடிதம் போட்டிருக்கிறது. மூன்றுக்கும் இவள் பதில் எழுதவில்லை. "வர்ற வெள்ளிக்கெழம கமிட்டி உக்காருது சார். அன்னிக்கும் காரணம் சொல்லலன்னா தடை அப்டியே நிக்கும். எங்க காலேஜ்ல கோட்டா சீட்டும் அந்த வாரத்தோட க்ளோஸ். அப்புறம் இவ புஷ்ஷ அளந்துக்கினே கீற வேண்டியதுதான்."

"நான் எழுதமாட்டேன்" என்றாள் பிரின்சி.

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. என் மனைவி கங்கம்மாவிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாப்பது வருசமா காத்துக்கினு கீறேன், ஒங்க வாயால தப்புன்னு ஒரு வார்த்தை வருமான்னு. போய்ச் சொல்லிட்டு வாங்க. மீசையா கொட்டிடும்?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கட்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். ரிங்கை அறுத்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சென்ட்ரல் லோக்கல் ஏறினேன். கூடவே பிரின்சியும், எங்களைக் கூட்டிப்போக வந்த தமிழ்செல்வியும். பிரின்சி என் பக்கமே திரும்பவில்லை. கூட்டமான கூட்டம். பொன்னேரியில் ஏறிய பூக்கார அம்மா, "இன்னா நைனா, இது அடுப்பா?" என்று கேட்டார். மீஞ்சூரில் ஏறியவர், "கெணத்துக்கு உறை போடறியா?" என்றார். அத்திப்பட்டில் ஏறிய பவர் பிளான்ட் ஆள் ஒருவர் மட்டும் தட்டிப் பார்த்து, "வெல்டிங்கு நல்லா கீது" என்றார். மனிதர் விஷயம் தெரிந்தவர்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீங்க யாரு? பொண்ணுக்கு இன்னா ஒறவு?"

"பொண்ணுக்கு ஒறவு இல்ல சார். இந்த ரிங்குக்கு அப்பன்."

மேஜைமேல் ரிங்கை வைத்தேன். டங்கென்று அவர்கள் டீ கிளாஸ் ஆடியது. ஓ.டி.யும் ஐ.டி.யும் நின்றபடியே விளக்கினேன். பிறகு சொன்னேன்: "இவ ரிங்கு தப்புன்னு சண்ட போட்டது, நான் போட்டது சரின்னு நம்பி. கேன ஊத்துனது, என்னை ஒரு வார்த்த சொன்னாங்கன்னு. வெளில சொல்லாம இருந்தது, என் மானம் போயிடும்னு. தப்பு என்னுது சார். என் அளவு தப்பு." சொல்லிவிட்டு மீசையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.

பெரியவர் ரிங்கைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவர் பந்தை மேலிருந்து போட்டார். இடித்துக்கொண்டு வெளியே விழுந்தது. இன்னொரு தடவை போட்டார். அப்போதும் வெளியே.

"இதுலயாம்மா எட்டு வருஷம் போட்ட?"

"ஆமா சார்."

"ஏன் இத்த எழுதல?"

"அவரு சொல்லலாம் சார். நான் சொல்லக்கூடாது."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெரியவர் சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. தடையை அன்றோடு எடுத்துவிட்டார்கள். இரண்டு நிபந்தனை. அருணாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இன்னொரு தடவை ஆட்டத்தில் தகராறு செய்தால் பிறகு ஆட்டமே கிடையாது, சீட்டும் போய்விடும். பிரின்சி அங்கேயே கடிதம் எழுதினாள். 'தண்ணி ஊத்தினது தப்பு. நீ கேட்டதும் தப்பு.' தமிழ்செல்வி பேனாவை வாங்கி இரண்டாவது வரியை அடித்தார்.

புதுக் காலேஜில் இவள் அடக்கமான பெண்ணாக மாறிவிட்டாள் என்று நான் எழுதினால் நம்பாதீர்கள். பிராக்டீஸில் கத்தினாள், ஹாஸ்டல் சாம்பாரோடு சண்டை போட்டாள். ஆனால் ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டீம் ஜெயித்துக்கொண்டே வந்தது. பிப்ரவரி மாதம் ஃபைனல். அது வந்து விழுந்த இடம் திருவள்ளூர். அதே மைதானம். எதிர் டீம் யார்? அருணா டீம்.

நான் இரண்டு வேன் பிடித்தேன். லைன் வீட்டு ஜனம் மொத்தமும் வந்தது. சாம்சன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கங்கம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தாள். ஆட்டம் என்றால் அப்படி ஒரு ஆட்டம். இவர்கள் ஒன்று போட்டால் அவர்கள் ஒன்று. பிரின்சி கையிலிருந்து கிளம்பிய பந்து மேலே மேலே போய், மறந்துபோய் நின்று, பிறகு நினைவு வந்த மாதிரி இறங்கும். எங்களோடு சேர்ந்து திருவள்ளூர் ஜனமும் ஓ என்று கத்தியது. கடைசி நிமிடம். இவள் டீம் ஒரு பாயிண்ட் கம்மி. பந்து பிரின்சி கையில். பாய்ந்தாள்.

விசில்.

"டிராவல்!" என்றார் ரெஃப்ரி.

ஞானம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "போச்சு ண்ணா. பஸ் ஸ்டாண்டு கிட்டக்கதான் கீது."

பிரின்சி பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரெஃப்ரியைப் பார்த்தாள். வெளியே போகும் கதவைப் பார்த்தாள். ஒரு வருடப் படிப்பு, ஆட்டம், எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது.

"டிராவலா சார்?"

"டிராவல்தான்."

இரண்டு கையாலும் பந்தை நீட்டினாள். மெதுவாக ஏதோ சொன்னாள். ரெஃப்ரி உதட்டை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. என்ன சொன்னாள் என்று தமிழ்செல்விதான் அப்புறம் சொன்னார்: "டிக்கெட்டு எவ்ளோ சார்?"

டிராவல் என்றால் பந்து எதிர் டீமுக்கு; அவர்கள் ஓரத்திலிருந்து உள்ளே வீசினார்கள். வீசிய பந்தை நடுவிலேயே பறித்துக்கொண்டு ஓடினாள் பிரின்சி. அருணா பின்னால் வந்து கையில் அடித்துவிட்டாள். மறுபடி விசில். தப்பு அருணாவுடையது. பிரின்சி தனியாக நின்று இரண்டு தடவை பந்து போடலாம். மீதி இருப்பது மூன்று விநாடி.

பிரின்சி கோட்டில் நின்றாள். பக்கத்தில் நின்ற அருணா, "இஞ்ச் டேப்பு, அளந்துக்கோ" என்றாள். பிரின்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. அது எனக்கு இங்கேயே தெரிந்தது. அவள் கண் சுற்றி வந்து எங்கள் கூட்டத்தைத் தேடியது. நான் என்ன செய்ய? பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து ஆறடிக்கு இழுத்து, தலைக்குமேல் தூக்கிப் பிடித்து ஆட்டினேன். "மொதல்ல அத்த உள்ள வைங்க, மானம் போவுது" என்று கங்கம்மா என் சட்டையை இழுத்தாள். பிரின்சி பார்த்துவிட்டாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஆட்டத்துக்கு நடுவில் அவள் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.

முதல் பந்து. மேலே போய் இறங்கியது. இரும்பில் படவே இல்லை. வலை மட்டும் சர்ரென்றது. சமம்.

இரண்டாவது பந்து. கண்ணை மூடிக்கொண்டாளா இல்லையா என்று எங்கள் லைன் வீட்டில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நான் பார்த்தேன். மூடிக்கொண்டுதான் போட்டாள். சர்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு வரிசையாகச் சொல்லத் தெரியாது. சாம்சன் என்னைத் தூக்கினான். என் எடை என்ன தெரியுமா? ஃபோர்க்லிஃப்ட் மாதிரித் தூக்கினான். முறுக்கு டப்பா கவிழ்ந்து, தரையெல்லாம் முறுக்கு. கூட்டத்துக்கு நடுவே பிரின்சி ஒரு தண்ணீர் பாட்டிலோடு அருணாவிடம் போனதைப் பார்த்தேன். அருணா ஓர் அடி பின்னால் போனாள்.

"பயப்படாத. குடிக்கத்தான்" என்றாள் பிரின்சி. அருணா வாங்கிக் குடித்தாள். பாதி குடித்துவிட்டு மீதியைப் பிரின்சியின் தலையில் ஊற்றினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்போது இரண்டும் போனில் மணிக்கணக்காகப் பேசிக்கொள்கின்றன.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்குமேல் ஆகிறது. பிரின்சி இப்போது கடைசி வருடம். டீம் கேப்டன். போன மாதம்கூட ஒரு ரெஃப்ரியை, "இன்னா நைனா, தூங்கறியா?" என்று கேட்டு எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள். நைனா என்பது எங்கள் பக்கம் மரியாதையான வார்த்தை என்று தமிழ்செல்வி விளக்கிச் சொல்லிக் காப்பாற்றினாராம். அந்தப் பழக்கமும் என்னிடமிருந்து போனதுதான்.

ஃபைனல் முடிந்த வாரமே புது ரிங் போட்டேன். ஐ.டி. பதினெட்டு, மூன்று தடவை அளந்தேன். காலியாக இருந்த இரண்டாவது கம்பத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்போது பிரின்சி வந்தாள்.

"பழச இன்னா பண்ணப் போற?"

"ஸ்கிராப்புல போடறேன். பாக்கவே எரியுது."

"போட்டுப் பாரு, ஒன் தலைல கேன ஊத்தறேன். அது இருந்த எடத்துல மாட்டு."

மாட்டினேன். பெரிய ரிங் ஒரு பக்கம், சின்ன ரிங் ஒரு பக்கம். சாயங்காலம் வந்து பாருங்கள். பெரிய ரிங் பக்கம் நாலு பேர் இருப்பார்கள். சின்ன ரிங்குக்கு வரிசை நிற்கும். இந்த மாதிரி ரிங் இந்தியாவிலேயே கும்மிடிப்பூண்டியில் மட்டும்தான் இருக்கிறது, போட்டவன் நான்தான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் செய்யும் தப்பில்கூட ஒரு கேப்டன் கிடைக்கிறாள் பாருங்கள்.

கம்பத்தில் என் பெயரை அழித்துவிடலாம் என்று வெள்ளைப் பெயிண்ட் எடுத்துவந்தேன். பிரின்சி பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் ஏறினாள். அழிக்கவில்லை. 'உபயம் பரசுராமன், அளவு தவறாதவர்' என்று இருந்ததற்குக் கீழே, நாக்கைத் துருத்திக்கொண்டு, கோணல்மாணலாக எழுதினாள்:

'ஒரு தபா தவிர.'